ஆளுக்கு, மணிக்கு, மீட்டர்

கல்கத்தாவில் கார்டன் ரீச் பக்கம், ஆற்றை ஒட்டிய சந்தில் ஒரு தகரக் கூரை அறை. நான் உள்ளே போனபோது இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி துரைராஜ் அண்ணன், மணப்பாறைக்காரர், தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சேவியர், லால்குடி, கண்ணில் வெள்ளரித் துண்டு வைத்துப் படுத்திருந்தார். சலீம், துவரங்குறிச்சி, மூடாத குக்கரை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனி, கிருஷ்ணன், கீரனூர் அண்ணன் தம்பி, ஒரே போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பையைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தவர் என் வீட்டுக்காரர் சேகர்.

ஆறு பேரும் வெல்டர்கள். பார்ஜ் கட்டுகிற ஒரு சின்ன யார்டில் காண்டிராக்ட் வேலை. பார்ஜ் என்றால் ஆற்றில் சரக்கு ஏற்றிப் போகும் தட்டைக் கப்பல். அறையும் யார்டும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"வாம்மா தங்கச்சி. ரயில்ல சாப்பாடெல்லாம் எப்படி?" என்றார் துரைராஜ் அண்ணன்.

"இருந்துச்சுண்ணே" என்றேன்.

"சேகரு, உன் வீட்டம்மா உன்ன மாதிரியே பேசுறாங்கப்பா" என்றார் சேவியர், வெள்ளரியை எடுக்காமலே. எல்லோரும் சிரித்தார்கள். இவர் என்னைப் பார்க்காமல் பையை மூலையில் வைத்தார்.

இவர் தீபாவளிக்கு வரவில்லை. அதற்கு முந்தின பொங்கலுக்கு வந்தவர். போனில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பிள்ளை படிக்கிறாளா, படிக்கிறாள், வைக்கட்டா, வைங்க. நான் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் வேலை பார்க்கிறேன். செமஸ்டர் லீவு விட்டார்கள். மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வண்டி ஏறினேன்.

அன்று ராத்திரி சாப்பாடு சலீம் முறை. சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். எல்லோரும் அப்படியே பிசைந்து சாப்பிட்டார்கள். பழகியிருந்தார்கள். நான் கையைக் கழுவிவிட்டு, "நாளையிலேருந்து நான் பாத்துக்கறேன்" என்றேன். கிருஷ்ணன் எழுந்து நின்று கைதட்டினான். சலீம், "அல்லாவே அனுப்பிச்சுட்டான்" என்றார்.

எனக்குப் படுக்க இடம் பக்கத்து வீட்டில். வீட்டுச் சொந்தக்கார அம்மா அங்கே தனியாக இருக்கிறார். எல்லோரும் அவரை மாஷி என்கிறார்கள், நம் ஊர்ச் சித்தி மாதிரி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. ஒரே கட்டில். கல்யாணமாகிப் பதினேழு வருடமானவள் அத்தனை தூரம் போய் மாஷியோடு படுத்தேன். வேறு வழியில்லை. அறையில் ஐந்து ஆம்பிளைகள். இவருக்குக் கூச்சம்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் இவரிடம் தனியாகப் பேச முடிந்தது. விஷயத்தைச் சொன்னேன். எங்கள் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்காரர் ஆள் தேடுகிறார். இவர் பேரைச் சொன்னேன். சரி என்றார். இந்த மாதம் முடிகிறவரை இடத்தை வைத்திருப்பார். சம்பளம் இங்கேயைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனால் சைக்கிளில் போய் வரலாம்.

இவர் நிறைந்த குடத்தை இறக்கி வைத்தார். பிறகு சொன்னார். "நானா வுட்டுட்டு வர முடியாது தனம். செட்டா வந்தோம், ஆறு பேருக்கும் சேத்துத்தான் கூலி. ஒருத்தன் போனா செட்டு ரேட்டு போயிரும். துரை அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்காரு."

"அப்ப?"

"மூணு செட்டு இருக்கு. நாங்க, ஒடியாக்காரங்க, மேதினிப்பூர்க்காரங்க. இந்த வாரம் ஆள் வெச்சு வேலைய எண்றாங்க. எவன் வேலை கம்மியோ அந்தச் செட்ட அனுப்பிருவாங்க. ரெண்டுதான் வேணுமாம். அவங்களே அனுப்புனா வந்துர்றேன். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"இப்ப யாரு கம்மி?"

"நாங்கதான்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமா சந்தோஷமா என்று பார்த்தேன். இருட்டிவிட்டது. தெரியவில்லை.

மாஷியின் கட்டிலில் படுத்துக்கொண்டு, சாமி, இவர்கள் கம்மியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் மாஷி என்னை மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். எங்கே பார்த்தாலும் மீன். மீன்காரர் அரிவாள்மணை மாதிரி ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு, மீனை அதன் மேல் தள்ளித் தள்ளி அறுக்கிறார். கத்தி அசைவதில்லை, மீன்தான் போய் வருகிறது. ரோகு வாங்கினேன். தலை வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மீன்காரர் நம்பவில்லை. மாஷியிடம் கேட்டார். மாஷி ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். பிறகு இவர் மாஷியிடம் கேட்டுச் சொன்னார், அவர் சொன்னது, "மதராஸிப் பெண், அவளுக்கு என்ன தெரியும், தலையை எனக்குப் போடு" என்பதாம்.

கடுகெண்ணெய் வாசம் தெரு முழுக்க இருக்கிறது. எனக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. இவர்களுக்கு இத்தனை வருடத்தில் பழகவில்லை. அதுதான் இந்தக் கதைக்கே காரணம். யார்டு வாசலுக்கு எதிரே ஹோட்டல் இருக்கிறது. சோறு, பருப்பு, மீன் எல்லாம் சூடாகக் கிடைக்கிறது. ஒடியாக்காரர்களும் மேதினிப்பூர்க்காரர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். இவர்கள் மட்டும் புளி போட்ட குழம்பும் ரசமும் இல்லாமல் சோறு இறங்காது என்று முறை வைத்துச் சமைக்கிறார்கள். முறைக்காரர் காலையில் யார்டுக்குள் போய் வருகைக் கார்டு வைப்பார். கொஞ்ச நேரத்தில் பின் வாசல் வழியாக அறைக்கு வந்து சோறாக்குவார். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பப் போவார். செட் கூலி என்பதால் அவர்களுக்குள் தகராறு இல்லை. காண்டிராக்டரும் கண்டுகொள்ளவில்லை. வேலை முடிந்தால் போதும் அவருக்கு.

நான் அன்று மீன் குழம்பு வைத்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்தேன். சங்கு ஊதியதும் ஆறு பேரும் சுவர் ஓரமாக வந்தார்கள். முகமெல்லாம் கரி. வரிசையாக உட்கார்ந்தார்கள். பேச்சே இல்லை. சேவியர் மட்டும், "அக்கா, எனக்கு ரசத்த கையில ஊத்துங்க" என்றார். ஹாஸ்டலில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். ஒருவர் சாப்பிடுவதையும் பார்ப்பதில்லை. கவுன்டருக்குப் பின்னால் நிற்பேன். இங்கே இவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இடது கைக் கட்டைவிரலில் புதுத் தீக்காயம். கழுத்தில் ஷீல்டுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. போனில் இதெல்லாம் சொன்னதில்லை.

"இன்னும் கொஞ்சம்?" என்றேன்.

"போடு."

அவ்வளவுதான் பேசினோம். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நான் காலையிலிருந்து காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

யார்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. சாயங்காலம் ஒரு பெண் வந்து அதில் சாக்பீஸால் எழுதினாள். மூன்று செட், மூன்று எண். அந்தப் பெண் பெயர் மைதிலி. சால்ட் லேக்கில் ஆபீஸ். வீடு டாக்குரியா. தாத்தா காலத்தில் இங்கே பேங்க் வேலைக்கு வந்த குடும்பம். நம் பெண்தான், ஆனால் வங்காளியில் யோசித்துத் தமிழில் பேசுகிறாள். ஒரு பெரிய போன் மாதிரி பலகையைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மைதிலி அறைக்கே வந்துவிட்டாள். ஆறு பேரும் சாப்பிட்டு எழுந்து போன நேரம்.

"ஆண்ட்டி, உள்ள வரலாமா? மானே, அதாவது, வாசம் கேட் வரைக்கும் வருது."

உட்காரச் சொல்லிச் சோறு போட்டேன். மீன் இல்லை, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அவள் வீட்டில் அம்மாவும் வேலைக்குப் போகிறாராம். சமைக்க வருவது ஒரு வங்காளி அக்கா. அவர் வைக்கும் சாம்பாரில் சர்க்கரை இருக்குமாம்.

"அதுக்குப் பேரு சாம்பார் இல்ல" என்றேன்.

"அம்மாவும் அதான் சொல்றா. ஆனா எனக்கு அதுதான் சாம்பார், ஆண்ட்டி. என்ன பண்ண?"

நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். சிரித்தாள். எல்லாரும் கேட்பார்களாம், யாரும் பதிலைக் கடைசிவரை கேட்க மாட்டார்களாம். நான் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்கிறார். அதுதான் அவள் எண்ணுவது. இந்த யார்டில் வெல்டிங்கை டேப் வைத்து அளக்கிறாள். அதை ஆளால் வகுக்கிறாள், மணியால் வகுக்கிறாள். ஆளுக்கு, மணிக்கு, இத்தனை மீட்டர். இதேபோல அவள் ஆபீஸ்காரர்கள் தையல் கடையில் எண்ணுகிறார்கள், செங்கல் சூளையில் எண்ணுகிறார்கள், சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் இந்த ஊர் ஒரு மணி நேரம் உழைத்தால் எவ்வளவு விளைகிறது என்று தெரியும். எல்லா ஊரையும் சேர்த்தால் நாட்டுக்கே தெரியும். அது ஏறினால்தான் கூலி ஏறும், நாடு முன்னேறும் என்கிறார்கள் என்றாள்.

"கப்பலையும் சட்டையையும் எப்படிக் கூட்டுவ?" என்றேன்.

"பணமா மாத்தி ஆண்ட்டி. வித்தா என்ன விலையோ அது. வெலவாசி ஏறினத அதுலேர்ந்து கழிக்கணும்."

"விக்காதது?"

அவள் விரலை நக்குவதை நிறுத்தினாள். "அது வராது."

பிறகு அவளே, முதல் வாரமும் எண்ணினாளாம், ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றாள். ஆள் நின்று பார்த்தால் வேலை செய்கிறவர்களுக்குக் கை ஓடாதாம், அல்லது ரொம்ப ஓடுமாம். பழகின பிறகுதான் நிஜம் தெரியுமாம். எங்கள் மெஸ்ஸிலும் வார்டன் வந்து நின்றால் தோசை ஒட்டும். சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை சாப்பிட உட்காரவில்லை.

"ஆண்ட்டி, ஒண்ணு கேக்கணும். போன வாரம் உங்க செட்டு மூணாவது. இந்த வாரம் திங்கள்லேர்ந்து முதல். ராடு அதே, மெஷின் அதே, பிளேட்டும் அதே. மேஸ்திரி கிட்ட என்ன மாறினதுன்னு கேட்டேன். அவர் 'சாமி புண்ணியம்'ங்கறார்."

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் நேத்தே புரிஞ்சுண்டேன்" என்றாள். "கார்டுல ஆறு பேர். ஆனா மீட்டர் போட்டது அஞ்சு பேர். ஒருத்தர் இங்க அடுப்புல. அஞ்சு பேர் வேலைய ஆறால வகுத்தா கம்மியாத்தானே வரும்? இப்ப நீங்க வந்துட்டேள். ஆறு பேரும் அங்க. நம்பர் ஏறிடுத்து."

"அத எழுதுவியா?"

"எழுதினா காண்டிராக்டர் பழைய கார்டெல்லாம் எடுத்துப் பார்ப்பார். மேஸ்திரிக்குக் கஷ்டம். எழுதல. உங்களையும் எழுத முடியாது ஆண்ட்டி. நீங்க கார்டு வெக்கல. ஷீட்டுல உங்களுக்குன்னு காலமே, கட்டமே இல்ல."

"நான் சமைக்கலேன்னா?"

"ஏக்தம், அடியோட கீழ வந்துடும்."

அவள் போன பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். சாமியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, கையால் அதற்கு நேர் எதிராகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். நான் அள்ளி அள்ளிப் போட்ட ஒவ்வொரு கரண்டிச் சோறும் இவரை இங்கேயே கட்டிப்போட்டுக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை நான் சமைக்கவில்லை.

"ஊர் பாக்கலாம்னு இருக்கேன்" என்று துரைராஜ் அண்ணனிடம் காலையில் சொன்னேன்.

"போய்ட்டு வாம்மா. இதென்ன கேட்டுக்கிட்டு? வந்ததுலேருந்து அடுப்படியிலயே கெடக்குற" என்றார். பிறகு பழனியைப் பார்த்து, "இன்னிக்கு உன் மொறடா" என்றார். பழனி தலையைச் சொறிந்தான். இவர் என் கையில் போனுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

மைதிலி லேக் மார்க்கெட்டுக்கு வழி எழுதிக் கொடுத்திருந்தாள். பஸ்ஸில் போனேன். இங்கே பிரைவேட் பஸ்ஸுக்கு டிரைவர் ஒருவர், கண்டக்டர் ஒருவர், பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே வருவதற்கு ஒருவர். ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டு தட்டினால் போ. எங்கள் ஊர் மினி பஸ்ஸில் கண்டக்டரே எல்லாம் செய்வார். மைதிலி இதை எப்படி வகுப்பாள் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தட்டுகிற ஆள் ஒரு வயசான அம்மாவை இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டு, அவர் கூடையையும் எடுத்துக் கொடுத்தார். மினி பஸ்ஸில் அதைச் செய்ய ஆள் இல்லை.

லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாசம் அடித்தது. தமிழ்க் கடை. அரிசி அப்பளம், நல்லெண்ணெய், முருங்கைக்காய், பூக்கட்ட வாழைநார்கூட இருந்தது. கடைக்காரர் திருநெல்வேலி. என்னைப் பார்த்ததும், "எந்தூரும்மா?" என்றார்.

"திருச்சி பக்கம். துவாக்குடி."

"வீட்டுக்காரரு இங்கயா?"

"கார்டன் ரீச்ல."

"கூட்டிட்டுப் போக வந்தியளோ?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. அவர் முருங்கைக்காயைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே, "நானும் ரெண்டு வருஷத்துல போயிருவேன்னுதான் வந்தேன். இப்ப எம் மக வங்காளிப் பையனக் கட்டிக்கிட்டா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் யாரோ வீட்டு வாசலில், மர நிழலில் உட்கார்ந்து கச்சோரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். இலையைத் தொன்னையாக மடித்துக் கொடுக்கிறார்கள். மண் குவளையில் டீ. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சங்கு ஊதுகிற நேரம் ஆனதும் பாதியை அப்படியே வைத்துவிட்டேன். பழனி இப்போது சோற்றை வடித்திருப்பானா, குழைத்திருப்பானா என்று ஓடியது. இவர் இன்றைக்கு எந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், தட்டுக்குப் பக்கத்தில் யார் நிற்பார் என்று ஓடியது. வந்ததில் எனக்குக் கிடைத்தது தினம் கால் மணி நேரம். அதில் ஒன்றை நானே வீணாக்கிவிட்டு, யாரோ ஒருத்தர் வாசலில் குந்தியிருந்தேன்.

திரும்பும்போது பஸ் ஒரு மேம்பாலத்தில் நின்றுவிட்டது. தட்டுகிற ஆள் உள்ளே தலையை விட்டு ஏதோ கத்தினார். ஆம்பிளைகள் எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஓடிவிட்டார்கள் என்று நினைத்தேன். பின்னால் போய்த் தள்ளினார்கள். ஆபீஸ் பை மாட்டியவர், பழக்கூடைக்காரர், காலேஜ் பையன்கள் எல்லோரும். எங்கள் ஊரில் பாதிப் பேர் தள்ளுவார்கள், பாதிப் பேர் வீடியோ எடுப்பார்கள். பஸ் கிளம்பவில்லை. ஆனால் தள்ளினவர்கள் யாரும் கண்டக்டரைத் திட்டவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டே பாலத்தில் நடந்தார்கள். நானும் நடந்தேன். பிறகு ஆட்டோவில் ஐந்தாவது ஆளாக டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

வாசல் பலகையைப் பார்த்தேன். எங்கள் செட் மூன்றாவது.

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும். அறைக்குள் போனேன். சேவியர் படுத்திருந்தார். அண்ணன் தம்பிகள் சண்டை போட்டு ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். பழனி சோற்றைக் கருக்கிவிட்டானாம், அதற்குக் கிருஷ்ணன் ஏதோ சொல்லிவிட்டானாம். துரைராஜ் அண்ணன் எழுந்து ஒரு தட்டைக் கொண்டுவந்தார். மேலே இன்னொரு தட்டுப் போட்டு மூடியிருந்தது.

"கருகாத எடமாப் பாத்து எடுத்து வெச்சேம்மா. ஊரு பாத்தியா? பசியோட வந்திருப்ப."

இவர் கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். பாதித் தண்ணீர் தரையில் விழுந்தது. "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல. மத்தியானம் சரியா எறங்கல. ரெண்டு எடத்துல வெல்டிங் ஓட்டை வுழுந்து, திருப்பிப் போட வேண்டியதாப் போச்சு" என்றார். இவர் வெல்டிங்கில் ஓட்டை விழுந்து நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அடுப்பைப் பற்ற வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வேண்டாம் என்று உட்கார்ந்துதான் பார்த்தேன். ஆறு பேர் எழுந்து பல் விளக்குகிறார்கள். அடுப்பு பக்கத்தில் இருக்கிறது. முருங்கைக்காய் வாங்கி வந்திருக்கிறேன். இவரை அழைத்துக்கொண்டு போனால் தலை குனிந்துதான் வருவார், ஓட்டை விழுந்த கையோடு வருவார். துரைராஜ் அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம். இதெல்லாம் காரணமா என்றால் இருக்கலாம். மத்தியானம் இவர் எதிரில் நிற்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

முருங்கைக்காய் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல். சங்கு ஊதியது. வந்தார்கள். சாப்பிட்டார்கள். மற்றவர்கள் எழுந்து கை கழுவப் போனபோது இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நீ வந்ததுலேருந்துதான் நம்பர் ஏறுதாம்."

"ம்."

"நீ நேத்து எதுக்கு வெளிய போனேன்னு அப்பறம்தான் வெளங்குச்சு."

நான் ரசப் பாத்திரத்தை எடுத்தேன்.

"இன்னிக்கும் போயிருக்கலாம்ல, தனம்."

பதினேழு வருடத்தில் இவர் என்னிடம் ஒன்று கேட்டது அதுதான். அதையும் கேட்கிற மாதிரி கேட்கவில்லை. சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டார். அப்போது தெரிந்தது, இவரும் அதே சாமியிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று.

"ரசம் ஊத்தவா?" என்றேன்.

"ஊத்து."

கையைக் குவித்து நீட்டினார். ஊற்றினேன். குடித்துவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமையும் சமைத்தேன். சாயங்காலம் மைதிலி ஆறு நாளையும் கூட்டி வகுத்துப் பலகையில் எழுதினாள். ஒரு நாள் இறங்கியும் துரைராஜ் செட் முதல். மேதினிப்பூர்க்காரர்கள் இரண்டாவது. ஒடியாக்காரர்கள் மூன்றாவது. அவர்கள் மேஸ்திரி பலகையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். அவர் மனைவி எங்கே இருக்கிறாரோ. அவருக்கு இன்றைக்கு நல்ல செய்தி போகுமா கெட்ட செய்தி போகுமா என்று யோசித்தேன். இரண்டும்தான் போகும் என்று தோன்றியது.

அறையில் பழனி ஆடினான். சேவியர் ஒரு சட்டி ரசகுல்லா வாங்கி வந்தார். துரைராஜ் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி கை ராசிம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

மைதிலி விடைபெற வந்தாள். அவள் பையில் சோற்று டப்பா வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்ட்டி, என் ரிப்போர்ட்ல இந்த செட்டோட நம்பர்தான் இருக்கும். உங்க பேர் இருக்காது."

"இருந்து என்ன பண்ணப் போறேன்" என்றேன்.

அவள் வேறு ஏதோ எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. டப்பாவைப் பைக்குள் சரியாக வைத்துக்கொண்டு போனாள். நல்ல பெண். அவள் கணக்கில் தப்பு இல்லை. ஆளுக்கு, மணிக்கு, எத்தனை மீட்டர் என்று கேட்டாள். அதற்குச் சரியான பதில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை யார்டு லீவு. வண்டி சாயங்காலம். இவர் என்னை லாஞ்சில் அக்கரைக்குக் கூட்டிப்போனார். லாஞ்சில் ஒரு அம்மா எங்களைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். என்ன என்று கேட்டேன்.

"புதுசா கல்யாணமானவங்க மாதிரி தள்ளித் தள்ளி உக்காந்திருக்காங்கன்னு சொல்லுது."

நான் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் சுற்றிப் பார்த்தார். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நகரவில்லை.

அக்கரைப் படித்துறையில் உட்கார்ந்து பொரி வாங்கிச் சாப்பிட்டோம். கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். எதிர்க்கரையில் பாதி கட்டின பார்ஜ் தெரிந்தது. அதில் ஒரு ஓரத்தைக் காட்டி, "அந்தச் சைடு பூரா நான் போட்டது" என்றார். எனக்கு அத்தனை தூரத்தில் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

ஷெட்காரரிடம் என்ன சொல்ல என்று கேட்டேன். வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல் என்றார்.

ஹவ்ராவில் திருச்சி வண்டி கிளம்புகிறவரை ஜன்னலுக்கு வெளியே நின்றார். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார். பிறகு பிஸ்கட். பிறகு இன்னொரு தண்ணீர் பாட்டில். அவர் தட்டுத் தடுமாறுவது எனக்குத் தெரிந்தது. சனிக்கிழமை காண்டிராக்டர் புதுப் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று இவர் சொல்லவில்லை. நானும் கேட்காமலே இருந்தேன். கேட்டால் எண்ண ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பியில் இருந்த கையை எடுக்காமல் கூடவே நடந்தார்.

"எத்தன நாளைக்குக் கையெழுத்துப் போட்டீங்க?" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்தார். கையை எடுத்தார்.

"பதினோரு மாசம்."